முகத்துப் புண்ணும் பல்லின் வேரும்

கண்மாய்க் கரையின் வெளிப்புறத்தில் ஓரிடத்தில் நீர் கசிகின்றது. அனுபவமில்லாதவன் கசியும் இடத்தில் மண்ணை அப்பி மிதித்துவிட்டுச் செல்வான். மறுநாள் அதே இடத்திலோ, ஒரு முழம் தள்ளியோ நீர் மீண்டும் கசியும். அனுபவமுள்ள நீர்ப்பாய்ச்சி அவ்வாறு செய்யமாட்டான். அவன் கரையின் உட்புறம் இறங்கி, நண்டு வளையோ எலி வளையோ தொடங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து அதனை அடைப்பான். வெளியே கசிவு தானாகவே நின்றுவிடும். கண்மாய்களை நம்பி வாழும் விருதுநகர் மாவட்டத்து விவசாயப் பெருமக்களுக்கு இதனை எடுத்துக் கூற வேண்டியதில்லை.

மனித உடலிலும் இத்தகைய கசிவு ஒன்று உண்டு. கன்னத்திலோ தாடை ஓரத்திலோ மோவாயிலோ சிறு புண் ஒன்று தோன்றி, மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டிருக்கும். களிம்பு தடவினால் காயும். சில நாட்களில் மீண்டும் வடியும். வெளியே தெரிவது தோல் நோய். ஆனால் நோயின் வளை இருப்பதோ வாய்க்குள், ஒரு பல்லின் வேர் நுனியில். இதனைப் பற்றி நம் கிராமங்களில் அறிந்தவர் மிகச் சிலரே. நானும் அண்மைக் காலம் வரையில் அறியாதவனாகவே இருந்தேன். வைத்தியத் துறையைச் சேராத நான் இதைப் பற்றி எழுத முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் கூறிவிடுகிறேன்.

ஒரு கிராம சபையில் நடந்தது

பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்கள் பகுதியில், ஓர் ஆகஸ்டு 15ஆம் நாள் கிராம சபைக்கு நான் சென்றிருந்தேன். சுமார் முப்பது வயதுள்ள ஒரு பெண்மணி எழுந்து ஒரு மனு கொடுத்தார். அவர் ஆலையில் சரவெடி பின்னும் வேலை செய்பவர். வலது தாடையின் கீழ் ஓரத்தில், பட்டாணி அளவில், நடுவில் குழி விழுந்த ஒரு புண் இருந்தது. பதினான்கு மாதங்களாக அது ஆறவில்லை. மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவினார். ஐந்து நாள் மாத்திரை மூன்று முறை உட்கொண்டார். பின்னர் ஓரிடத்தில் அதனைக் கட்டி என்று கருதி அறுத்துத் தையலும் போட்டனர். இரண்டு மாதங்களில் அதே இடத்தில் புண் திரும்பி வந்தது. பட்டாசு மருந்து முகத்தில் பட்டதனால் வந்த புண் இது என்று அக்கம் பக்கத்தார் கூறவே, மூன்று மாதமாக வேலைக்கும் செல்லவில்லை. ஆலையிலிருந்து நஷ்ட ஈடு பெற்றுத் தரவேண்டும் என்பதே மனுவின் சாரம்.

பஞ்சாயத்தார் அனைவரும் மனுவை ஆதரித்தனர். நானும் அதில் ஐயம் கொள்ளவில்லை. கடிதத்தின் நகலைக்கூட அங்கேயே எழுதத் தொடங்கிவிட்டேன். அப்போது கூட்டத்திலிருந்த கிராம சுகாதாரச் செவிலியர் அந்தப் பெண்மணியை ஓரமாக அழைத்துச் சென்று, "அக்கா, உங்களுக்குப் பல்வலி உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்பது பதில். "முன்பு எப்போதாவது வலித்ததா?" என்று மறுபடியும் கேட்டார். "நான்கு வருஷத்துக்கு முன் ஒரு வாரம் தூங்கவிடாமல் வலித்தது. பிறகு தானாகவே நின்றுவிட்டது" என்றார் அவர். வாயைத் திறக்கச் செய்து பார்த்தபோது, வலது கீழ்க் கடைவாயில் ஒரு பல் கருத்து, பாதி உடைந்து, வெறும் அடிக்கட்டையாக நின்றது.

மறுவாரம் அரசு மருத்துவமனையில் பல் மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, அந்தப் பல்லின் வேரிலிருந்தே சீழ் தோலுக்கு வந்துகொண்டிருந்தது என்று உறுதி செய்தார். அன்றே பல் அகற்றப்பட்டது. முகத்தில் எந்த மருந்தும் தடவப்படவில்லை. மூன்றாம் வாரத்தில் புண் முற்றிலும் காய்ந்து, சிறு குழி மட்டும் எஞ்சியது. அவர் வேலைக்குத் திரும்பினார். நான் எழுதத் தொடங்கிய கடிதம் முடிவு பெறாமலே நின்றது. பதினான்கு மாத வேதனைக்கும், மூன்று மாதக் கூலி இழப்புக்கும் காரணம் அவர் வாய்க்குள்ளேயே இருந்தும், எங்களில் ஒருவருக்கும் அங்கே பார்க்கத் தோன்றவில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். கீழே வருவன அந்தப் பல் மருத்துவரிடம் கேட்டும், பின்னர் படித்தும் நான் அறிந்துகொண்டவை.

பல் எவ்வாறு இறக்கின்றது?

பல்லைக் கல் போன்ற உயிரற்ற பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பல்லின் மேலே எனாமல் என்னும் மிகக் கடினமான வெண்ணிறப் பூச்சு இருக்கின்றது. அதற்குள் சற்று மென்மையான பல் திசு. அதற்கும் உள்ளே, நடுவில், நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய பற்கூழ் இருக்கின்றது. இந்த நரம்பும் குழாய்களும் பல்லின் வேர் நுனியிலுள்ள மிகச் சிறிய துவாரத்தின் வழியாகத் தாடை எலும்பிலிருந்து வருகின்றன. செடிக்கு வேரின் வழி நீர் ஏறுவது போலவே பல்லுக்கும் வேரின் வழியே இரத்தம் ஏறுகின்றது.

நாம் உண்ணும் இனிப்பும் மாவுப் பண்டமும் பல்லிடுக்கில் தங்கினால், வாயிலுள்ள கிருமிகள் அவற்றைப் புளிக்கச் செய்து அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் எனாமலை மெல்ல மெல்ல அரிக்கின்றது. எவ்வளவு இனிப்புத் தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம் என்பது முக்கியம். நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சர்க்கரை போட்ட தேநீர் அருந்திக்கொண்டே வேலை செய்பவரின் பற்கள் நாள் முழுதும் அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கின்றன.

எனாமல் அரிக்கப்படும்போது வலி இல்லை. உட்திசுவை அடைந்ததும் குளிர்ந்த நீரும் இனிப்பும் கூசும். பற்கூழை அடைந்ததும் பொறுக்க முடியாத வலி எழும். இந்த வலி சில நாட்களிலோ வாரங்களிலோ நின்றுவிடக் கூடும். 'கிராம்பு எண்ணெய் குணப்படுத்திவிட்டது' என்றோ 'தானே சரியாகிவிட்டது' என்றோ மகிழ்கின்றோம். உண்மையில் நேர்ந்தது என்ன? பற்கூழ் அழுகி, நரம்பு இறந்துவிட்டது. வலியை உணர்த்தும் நரம்பே இல்லாதபோது வலி ஏது? இப்பாடத்தின் முதல் செய்தி இதுவே: வைத்தியம் செய்யாமல் நின்றுபோன பல்வலி, குணமான பல்வலி அன்று, இறந்துபோன பல்லின் மௌனமாக அது இருக்கக் கூடும்.

பல் இறப்பதற்குச் சொத்தை ஒன்றே காரணம் அன்று. சைக்கிளிலிருந்து விழுந்தோ, மாடு முட்டியோ, விளையாட்டில் அடிபட்டோ பல் அதிர்ந்தால், வேர் நுனியில் இரத்தக் குழாய் அறுந்து பல் இறந்துபோகலாம். அத்தகைய பல்லில் சொத்தை தெரியாது. ஆண்டுகள் சென்றபின் அதன் நிறம் மட்டும் சாம்பலாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும்.

சீழ் வழி தேடும் விதம்

இறந்த பல்லுக்குள் கிருமிகள் குடியேறி, வேர் நுனியின் வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. அங்கே சீழ் கட்டுகின்றது. சீழ் பெருகப் பெருக, நீரைப் போலவே, எதிர்ப்புக் குறைந்த பக்கமாக எலும்பை அரித்து வழி தேடுகின்றது. பெரும்பாலும் அது வாய்க்குள்ளேயே ஈறில் கொப்புளமாக வெளிப்படும். ஆனால் வேர் நுனி இருக்கும் இடத்தையும், அதனருகில் எலும்போடு ஒட்டியுள்ள தசைகளையும் பொறுத்து, சில சமயம் சீழ் வாய்ப் பக்கம் வர இயலாமல் முகத் தோலை நோக்கிச் செல்லும். தோலை எட்டியதும் சிறு முடிச்சாகப் புடைத்து, உடைந்து, வடியத் தொடங்கும்.

சீழுக்கு வெளியேற வழி கிடைத்துவிட்டபடியால் உள்ளே அழுத்தம் குறைகின்றது. ஆகையால் வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. இந்நிலையிலேயே மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட, கழிந்துவிடும்.

எந்தப் பல் எங்கே கசியும் என்பதற்கு ஓரளவு ஒழுங்கு உண்டு. கீழ்க் கடைவாய்ப் பற்களின் சீழ் தாடையின் கீழ் ஓரத்திலோ, தாடைக்கு அடியிலோ, கன்னத்திலோ வெளிப்படும். கீழ் முன்பற்களின் சீழ் மோவாயின் நடுவிலோ அதன் அடியிலோ தோன்றும். மேல் கோரைப்பல்லின் சீழ் மூக்கின் பக்கத்தில், கண்ணின் உள் முனைக்குக் கீழே வரலாம். மேல் கடைவாய்ப் பற்களின் சீழ் கன்னத்தில் வரும். இத்தகைய புண்களில் ஐந்தில் நான்கு பங்கு கீழ்ப் பற்களிலிருந்தே வருகின்றன என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆகவே தாடை ஓரத்திலும் மோவாயிலும் உள்ள ஆறாத புண்ணை நாம் தனிக் கவனத்துடன் நோக்க வேண்டும்.

நம்மை ஏமாற்றுவது எதனால்?

இந்தப் புண் உலகெங்கும் வைத்தியர்களையே ஏமாற்றியிருக்கின்றது. சிலந்திக் கட்டி, கொழுப்புக் கட்டி, உள் வளர்ந்த மயிர், தோலில் வரும் காசநோய், புற்றுநோய் என்றெல்லாம் கருதப்பட்டு, மீண்டும் மீண்டும் அறுவை செய்யப்பட்ட நோயாளிகளின் வரலாறுகள் மருத்துவ ஏடுகளில் பல உள்ளன. நோயாளி தோல் மருத்துவரிடம் செல்கின்றார்; பல்லைப் பற்றி அவராகக் கூறுவதில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பல் வலித்த நினைவே இருப்பதில்லை என்பதும் கண்டறியப்பட்டுள்ளது.

நம் பகுதியில் இதற்கு மேலும் ஒரு காரணம் சேர்கின்றது. இங்கே முகத்தில் எது வந்தாலும் பழி முதலில் பட்டாசு மருந்தின் மீதோ தீப்பெட்டி மருந்தின் மீதோ விழுகின்றது. அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கையாளப்படும் இடத்தில் இவ்வாறு எண்ணுவது இயல்பே. தொழிலில் தீங்கே இல்லை என்று கூறுவது என் நோக்கமன்று. தீக்காயமும் தோல் அரிப்பும் மூச்சு உபாதையும் உண்மையான ஆபத்துகளே. அவற்றுக்குரிய பாதுகாப்பைக் கேட்டுப் பெறுவது தொழிலாளரின் உரிமை. ஆனால் மருந்துத் தூளால் வரும் தோல் உபாதைக்கு வேறு அடையாளங்கள் உள்ளன. அது பொதுவாகக் கை, முன்கை, கழுத்து எனத் தூள் படும் பல இடங்களிலும் பரவலாக வரும், அரிக்கும், சிவக்கும், வேலையிலிருந்து விலகினால் குறையும். பல்லின் புண்ணோ ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் வரும், அரிக்காது, வேலையை விட்டாலும் ஆறாது. முன்னே கூறிய பெண்மணி மூன்று மாதம் வீட்டில் இருந்தும் புண் ஆறவில்லை என்பதே எங்களுக்கு உண்மையை உணர்த்தியிருக்க வேண்டும்.

தீப்பெட்டித் தொழிலின் பழைய பாடம்

பல்லுக்கும் தாடைக்கும் முகத்துப் புண்ணுக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் தீப்பெட்டித் தொழிலுக்கே ஒரு துயரமான இடம் உண்டு. சிவகாசி வட்டாரத்தார் இதனை அறிந்திருத்தல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சிகள் வெள்ளைப் பாஸ்பரசைக் கொண்டு செய்யப்பட்டன. அந்த ஆலைகளில் வேலை செய்தவர்களுக்குத் தாடை எலும்பு அழுகும் கொடிய நோய் வந்தது. முதலில் பல்வலியும் ஈறு வீக்கமும். பின்னர் தாடையில் சீழ். அதன்பின் முகத் தோலில் துளைகள் விழுந்து இடைவிடாமல் சீழ் வடிதல். இறுதியில் எலும்பையே அகற்ற வேண்டிய நிலை. வியன்னா நகரத்து மருத்துவர் லோரின்சர் 1845ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி எழுதினார். சொத்தைப் பல் உள்ளவர்களையே இந்நோய் பெரிதும் பற்றியது என்று அக்காலத்தார் கண்டனர். பல்லில் விழுந்த ஓட்டையே நச்சுப் புகை எலும்பை அடையும் வாசல் என்று அவர்கள் கருதினர். எனவே இங்கிலாந்தில் தீப்பெட்டித் தொழிலாளரின் பற்களை அவ்வப்போது பல் மருத்துவர் பரிசோதிக்க வேண்டுமென்று விதி செய்யப்பட்டது.

1888ஆம் ஆண்டு ஜூலையில் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் இருந்த பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டி ஆலையில் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுடைய அவல நிலையை எழுதி உலகறியச் செய்தவர், பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து 1917இல் காங்கிரஸ் மகாசபைத் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரே. பின்லாந்து 1872லும் டென்மார்க்கு 1874லும் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்தன. 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடித் தடை உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியாவில் 1913ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைப் பயின்று வந்தது அச்சட்டத்துக்குப் பிற்பட்டதாகும். பாதுகாப்புத் தீப்பெட்டியில் பயன்படுவது சிவப்புப் பாஸ்பரஸ்; அதுவும் குச்சியில் அன்று, பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையிலேயே பூசப்படுகின்றது. அந்தப் பழைய தாடை நோயை அது உண்டாக்குவதில்லை. ஆகவே நம் ஊர்த் தொழிலாளியின் தாடையில் புண் கண்டால் அந்தப் பழைய நோயை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அந்த வரலாறு கற்பித்த பாடம் மட்டும் இன்றும் பொருந்தும். முகத்தில் சீழ் வடியும் துளையைக் கண்டால், தாடையை நினை. தாடையை நினைத்தால், பல்லைப் பார். நஞ்சு ஒழிந்தது, சொத்தைப் பல் என்னும் வாசல் மட்டும் இன்னும் திறந்தே கிடக்கின்றது.

அடையாளம் காண்பது எப்படி?

நோயை முடிவு செய்வது மருத்துவரின் கடமை. ஆயினும் ஐயம் கொள்வதற்கு எழுத்தறிவுகூடத் தேவையில்லை. கீழ்க்கண்டவற்றைக் கவனித்தால் போதும்.

1. கண்ணுக்குக் கீழே, முகத்திலோ தாடைக்கு அடியிலோ, ஒரே இடத்தில் உள்ள புண் மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாமல் இருத்தல்.
2. காய்வதும் மீண்டும் வடிவதுமாக இருத்தல். மாத்திரை உட்கொள்ளும்போது குறைந்து, நிறுத்தியதும் திரும்புதல்.
3. புண்ணின் நடு உள்நோக்கி இழுக்கப்பட்டதுபோல் குழிந்து, அடியிலுள்ள எலும்போடு ஒட்டியிருத்தல். விரலால் தடவினால், புண்ணிலிருந்து தாடையை நோக்கிக் கயிறு போன்ற ஒன்று தட்டுப்படலாம்.
4. அதே பக்கத்தில் சொத்தைப் பல், உடைந்த பல், நிறம் மாறிய பல், அல்லது முன்பு அடைத்த பல் இருத்தல்.
5. எப்போதோ பல் வலித்துத் தானாக நின்ற வரலாறு, அல்லது முகத்தில் அடிபட்ட வரலாறு.

இவற்றுள் முதலாவதும் வேறு ஏதேனும் ஒன்றும் சேர்ந்திருந்தால், பல் மருத்துவரிடம் சென்று பார்த்துவிட வேண்டும். அவர் பல்லைத் தட்டியும் குளிர்ச்சி காட்டியும் அது உயிருள்ளதா என்று சோதிப்பார். புண்ணின் துளை வழியே மெல்லிய ரப்பர் போன்ற குச்சியைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதும் உண்டு. குச்சியின் நுனி எந்தப் பல்லின் வேரைச் சுட்டுகின்றதோ அதுவே குற்றவாளி.

அதே சமயம், முகத்துப் புண் எல்லாம் பல்லால் வருவதன்று என்பதையும் மறக்கலாகாது. பருவும் படையும் வேறு. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் தொழுநோயாக இருக்கலாம். வாய்க்குள் மூன்று வாரம் ஆறாத புண், அதுவும் புகையிலை போடுபவருக்கு, புற்றுநோயின் தொடக்கமாக இருக்கக் கூடும். பல்லில் காரணம் கிட்டாவிட்டால் பல் மருத்துவரே உரிய மருத்துவரிடம் அனுப்புவார்.

வைத்தியம்

வைத்தியம் எளிது. வளையை அடைத்தால் கசிவு நிற்கும். பல்லைக் காப்பாற்ற முடியுமானால், அதன் உட்குழியைத் திறந்து, அழுகிய பொருளை நீக்கிச் சுத்தம் செய்து அடைப்பர். இதற்கு வேர்ச் சிகிச்சை என்று பெயர். சில முறை செல்ல வேண்டியிருக்கும். காப்பாற்ற முடியாத பல்லை அகற்றிவிடுவர். இரண்டில் எதுவாயினும், முகத்துப் புண் பெரும்பாலும் ஒரு வாரம் முதல் சில வாரங்களுக்குள் தானே மூடிக்கொள்ளும். சிறு குழியோ கருமையோ எஞ்சலாம். விரும்பினால் அதனைப் பின்னர்ச் சரி செய்துகொள்ளலாம். தோலை அறுக்கத் தேவையில்லை.

மாத்திரையால் மட்டும் ஏன் குணமாவதில்லை என்று சிலர் கேட்கலாம். மாத்திரையின் மருந்து இரத்தத்தின் வழியே செல்கின்றது. இறந்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. வாய்க்கால் தூர்ந்த வயலுக்கு நீர் எப்படிப் பாயும்? சுற்றிலும் உள்ள சீழ் குறையுமேயன்றிக் கிருமிகளின் இருப்பிடம் அப்படியே இருக்கும். காரணமின்றி மாத்திரையை மீண்டும் மீண்டும் உட்கொண்டால், உண்மையில் தேவைப்படும் நாளில் அது பயனற்றும் போகலாம்.

செய்யத் தகாதவையும் சில உண்டு. புண்ணைப் பிதுக்கலாகாது. கன்னத்தில் சூடான ஒத்தடமோ பற்றோ போடலாகாது. அது சீழை வெளித்தோலை நோக்கியே இழுக்கக் கூடும். சூடு போடுதல் கூடவே கூடாது. பல்லின் மீது ஆசிட் வைத்தல், சொத்தையில் புகையிலை அடைத்தல் ஆகியவை ஈற்றையும் வெந்து புண்ணாக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும் அதனைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மேலே கூறியது மெதுவாகக் கசியும் நோய். சீழ் வெளியேற வழியின்றித் திடீரெனப் பெருகினால் உயிருக்கே ஆபத்து. தாடையின் அடியில் இருபுறமும் கல் போல வீங்குதல், வாய் திறக்க இயலாமை, எச்சில் விழுங்க முடியாமை, நாக்கு மேலே தள்ளப்படுதல், மூச்சுத் திணறல், கண்ணைச் சுற்றி வீக்கம், கடுங்காய்ச்சல் ஆகியவற்றில் எது கண்டாலும், இரவென்றும் பகலென்றும் பாராமல் 108 ஊர்தியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமூக அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டபோதே, விவசாயத்தோடும் கல்வியோடும் சுகாதாரமும் அதன் அங்கமாக வைக்கப்பட்டது. அரசு மருத்துவமனையைக் கட்டித் தரலாம். ஆனால் ஆறாத புண்ணோடு வீட்டுக்குள் இருப்பவரை அங்கே அனுப்பிவைப்பது அயலாரின் கடமை. நம் மாவட்டத்தின் 11 ஒன்றியங்களிலும் 450 ஊராட்சிகள் உள்ளன. ஒவ்வோர் ஊராட்சியும் கீழ்க்கண்டவற்றைச் செய்தால் செலவு ஏதுமின்றிப் பெரும் நன்மை விளையும்.

முதலாவதாக, பல் மருத்துவர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், எந்த நாட்களில் இருக்கின்றார் என்பதைக் கேட்டறிந்து பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். வட்ட மருத்துவமனைகளின் பல் பிரிவு, விருதுநகரில் 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, மதுரை இராஜாஜி மருத்துவமனை ஆகியவற்றையும் குறிப்பிடலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்கள் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையை நாடலாம். பஸ் எண்ணையும் நேரத்தையும் சேர்த்து எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

இரண்டாவதாக, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒரு முறையேனும் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு இதனை ஐந்து நிமிடம் விளக்கச் செய்யலாம். முகத்தில் புண் உள்ளவரைக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்தலாகாது. அவர் படும் நாணம் ஏற்கெனவே போதும். தனியே அழைத்துப் பேசுவதே நாகரிகம்.

மூன்றாவதாக, கூலி இழப்பே பலரைத் தடுக்கின்றது. பெட்டி ஒட்டுபவரும் குழாய் உருட்டுபவரும் எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோர். ஒரு நாள் சென்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. ஆனால் அந்தப் பெண்மணியின் கணக்கைப் பாருங்கள்: பல்லைக் கவனிக்க ஒரு நாள் செலவிட்டிருந்தால், மூன்று மாதக் கூலி மிஞ்சியிருக்கும். ஆலையாரிடம் பஞ்சாயத்துப் பேசி, பல் பரிசோதனைக்கு வருபவருக்கு அரை நாள் விடுப்பு வாங்கித் தரலாம். நஷ்ட ஈட்டுக் கடிதத்தைவிட அக்கடிதம் பயனுள்ளது.

நான்காவதாக, பள்ளிப் பிள்ளைகள். ஆறு வயதில் வாயின் கடைசியில் முளைக்கும் பெரிய கடைவாய்ப் பல் பால் பல் அன்று. விழுந்து மீண்டும் முளைக்கும் என்று எண்ணிப் பெற்றோர் அதனைக் கவனியாது விடுகின்றனர். அது வாழ்நாள் முழுதும் நிற்க வேண்டிய நிலையான பல். காலையிலும் இரவு படுக்குமுன்னும் புளோரைடு கலந்த பற்பசையால் துலக்கப் பழக்க வேண்டும். செங்கற்பொடியும் கரியும் எனாமலைத் தேய்க்கும். அவற்றை விலக்க வேண்டும். சிறு சொத்தையை உடனே அடைத்துவிட்டால், இக்கட்டுரையில் கூறிய எதுவும் அந்தப் பிள்ளைக்கு நேராது.

கலந்துரையாடலுக்குச் சில கேள்விகள்

1. நம் ஊரில் முகத்தில் நாட்பட்ட புண்ணோடு எவரேனும் உள்ளனரா? அவருடைய வாயை எவரேனும் பார்த்ததுண்டா?
2. தானாக நின்ற பல்வலியைக் குணமானதாகக் கொள்ளலாகாது, ஏன்?
3. மருந்துத் தூளால் வரும் தோல் உபாதைக்கும் பல்லால் வரும் புண்ணுக்கும் உள்ள வேறுபாடுகள் எவை?
4. நமக்கு மிக அருகில் பல் மருத்துவர் எங்கே, எந்த நாளில் இருக்கின்றார்?

நான்காம் கேள்விக்கு விடை தெரியாத பஞ்சாயத்துகள், அடுத்த கூட்டத்துக்குள் அதனை அறிந்து பலகையில் எழுதிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கரைக்கு வெளியே மண்ணை அப்பிக்கொண்டிராமல், உள்ளே இறங்கி வளையைத் தேடும் அறிவு நம் கிராமத்தாருக்குப் புதிதன்று. அந்த அறிவை நம் முகங்களைக் காப்பதற்கும் பயன்படுத்துவோமாக.